டெக்சாஸில் வீட்டு மேல் லீன் (கடனுக்காகச் சொத்தின் மேல் பதியும் உரிமை) இருக்கிறதா? "நீக்கித் தருகிறோம்" என்று வருபவர்களிடம் உஷார்

டாலஸ் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். ரீஃபைனான்ஸுக்கு (பழைய வீட்டுக்கடனை மாற்றிப் புதுக் கடன் எடுக்க) போனபோது, சொத்துப் பதிவுகளைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி எங்களை நிறுத்திவிட்டது. கணவரின் பழைய கிரெடிட் கார்டு கடனை விலைக்கு வாங்கிய ஒரு வசூல் கம்பெனி, கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி அதைக் கவுன்ட்டி கிளார்க்கிடம் (நம்மூர் மாவட்டப் பதிவாளர் மாதிரி) பதிந்து வைத்திருக்கிறது. அப்படிப் பதிந்தால் அந்தக் கவுன்ட்டியில் அவர் பெயரில் உள்ள நிலபுலன் மேல் 10 வருடம் ஜட்ஜ்மென்ட் லீன் நிற்கும்.

ஆனால் குடியிருக்கும் வீடு ஹோம்ஸ்டெட், அதாவது சட்டப் பாதுகாப்பு உள்ள சொந்த வீடு. இந்த மாதிரிக் கடனுக்காக அதை ஏலம் விட மாநில அரசியல் சாசனமே விடாது (வீட்டுக்கடன், சொத்து வரி எல்லாம் வேறு கதை). இருந்தாலும் பதிவேட்டில் அந்த லீன் கிடக்கும்வரை பேங்க் நகராது.

இந்த அவசரத்தை மோப்பம் பிடித்ததுபோல் வந்தது ஒரு "லீன் நீக்கும்" கம்பெனி. 2,400 டாலர் முன்பணம், லீனோடு கடனும் போய்விடும் என்றார்கள். சுத்தப் பொய். லீன் இந்த வீட்டை விட்டுத்தான் போகும்; கடனும் தீர்ப்பும் அப்படியே இருக்கும், வேறு மனை இருந்தால் அதன் மேலும் நிற்கும்.

சரி, வேலையையாவது செய்தார்களா? இது ஹோம்ஸ்டெட் வீடு என்று ஒரு அஃபிடவிட்டைப் (சத்தியப் பிரமாணப் பத்திரம்) பதிந்துவிட்டு முடிந்தது என்றார்கள். டைட்டில் கம்பெனி கேட்ட முதல் கேள்வி: வசூல் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பிய ரசீது எங்கே? அப்படி ஒன்று இல்லவே இல்லை. டெக்சாஸ் சொத்துச் சட்டம் 52.0012 பிரிவின்படி, பதிவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே அஃபிடவிட் நகலோடு கடிதத்தைப் பதிவுத் தபாலிலோ சர்டிஃபைடு மெயிலிலோ அனுப்பியிருக்க வேண்டும், அந்த அத்தாட்சியும் சேர்ந்திருந்தால்தான் வாங்குபவரோ பேங்கோ அதை நம்பிப் பணம் கொடுக்க முடியும். எதிர்த்தரப்பு மறுப்பு அஃபிடவிட் போட்டால் விஷயம் வக்கீலிடம் போகும், அது தனி. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதற்குள் எங்கள் ரேட் லாக் (பேங்க் குறிப்பிட்ட நாள்வரை உறுதி தந்த வட்டி விகிதம்) காலாவதி. பணத்தைத் திருப்பிக் கேட்டால் "சேவை முடிந்தது" என்று ஒரே வரி மெயில்.

இன்னொன்று வயிற்றெரிச்சல். அந்த அஃபிடவிட்டின் மாதிரி வாசகம் சட்டப் பிரிவிலேயே அச்சிட்டிருக்கிறது. நோட்டரி முன் கையெழுத்து, தபால் செலவு, பதிவுக் கட்டணம், அவ்வளவுதான். பயமாக இருந்தால் உள்ளூர் வக்கீலிடம் கொடுங்கள், நாங்கள் கடைசியில் அப்படித்தான் முடித்தோம். யாரிடம் கொடுத்தாலும் சரி, நோட்டீஸ் போன தபால் ரசீதின் நகல் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.