சாஷ் ஜன்னல் ஆட்டம்: ஸ்பாஞ்ச் டேப்பா, பிரஷ் பட்டையா, உள்பக்கம் இன்னொரு கண்ணாடியா?

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நூறு வருஷம் தாண்டிய வரிசை வீடு எங்களுடையது. தெருப்பக்க அறையில் சாஷ் ஜன்னல்: இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் ஒன்றையொன்று தாண்டி மேலும் கீழும் நகரும். காற்றடிக்கும் இரவெல்லாம் கடகடவென்று ஆடும். குழந்தையின் தொட்டிலை அந்தப் பக்கம் போடவே மாட்டோம்.

முதலில் ஒட்டியது ஸ்பாஞ்ச் டேப். மலிவு, அரைமணி வேலை. ஆனால் சாஷ் சட்டம் உரசிக்கொண்டே நகர்வது. அடுத்த குளிருக்குள் டேப் நசுங்கி உரிந்துவிட்டது. அழுத்தி மூடும் கதவுக்குத்தான் அது சரி.

நண்பர் வீட்டில் உள்பக்கம் இன்னொரு கண்ணாடி, அதாவது செகண்டரி கிளேசிங், போட்டிருக்கிறார். நடுவில் 100 மி.மீ. இடைவெளி விட்டால் தெருச் சத்தம் நன்றாகவே அடங்கும். செலவு அதிகம். ஒருநாள் விருந்தாளியாகப் பார்த்ததை வைத்து அதற்கு மேல் நான் சொல்லக்கூடாது.

நான் நிற்பது பிரஷ் பட்டை, அதாவது அடர்ந்த முடி வைத்த மெல்லிய பட்டை, பக்கம். தச்சர் உள்பக்க பீடிங்கையும் (சட்டத்தைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய மரச்சட்டை), இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஓடும் பீடிங்கையும் கழற்றினார். பள்ளம் வெட்டி பிரஷ் பதித்த புது பீடிங்கை, சட்டம் நகர இடம் விட்டு நெருக்கி அடித்தார். இரண்டு சட்டங்களும் சந்திக்கும் இடத்திலும் ஒரு பட்டை. அங்கே இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் கொக்கி. ஆட்டம் அன்றைக்கே நின்றது. நல்ல நிலையிலுள்ள சாஷ் ஜன்னலில் இப்படிக் காற்றுக் கசிவை 86 சதவீதம் வரை குறைக்கலாம் என்கிறது பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு. நான் பார்த்தது ஊதுபத்தியை வைத்து: முன்பு அறைக்குள் சாய்ந்து ஓடிய புகை, இப்போது நேராக எழும்புகிறது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. இந்த ஜன்னலின் சட்டங்களைத் தாங்கும் எடைக்கட்டிகள் பக்கவாட்டுப் பெட்டிக்குள் கயிற்றில் தொங்குகின்றன. கயிறு என்றைக்காவது அறும். மாற்ற வேண்டுமானால் பீடிங்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சிலிக்கான் பூசி அடைத்தவர்கள் அப்போது அறுத்தெடுக்க வேண்டியிருக்கும். எங்களுடையதில் பீடிங்கோடு பிரஷும் கழன்று வரும், திரும்ப அதே இடத்தில் போய் உட்காரும். பிரஷ் தேய்ந்தால் அதை மட்டும் உருவி மாற்றலாம்.

ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: பிரஷ் மேல் பெயிண்ட் படக்கூடாது. போன கோடையில் வந்த பெயிண்டர் இடது பக்கப் பட்டை மேலேயே இழுத்துவிட்டார். முடி இறுகிக் குச்சியாகி, அந்த மூலையில் மறுபடி குளிர்காற்று. பட்டையை உருவி, புதிதாக ஒரு முழம் வாங்கிப் பள்ளத்தில் நானே செருகினேன். தச்சரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.