பென் டேப்லெட்: பல ஆண்டுப் பயன்பாட்டில் தெரியவருபவை

பென் டேப்லெட் என்பது பேனாவால் வரைவதைக் கணினித் திரையில் விழச்செய்யும் பலகை. அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அழுத்த நிலைகளின் எண்ணிக்கையை, அதாவது பேனா எத்தனை படிகளாக அழுத்தத்தைப் பிரித்தறியும் என்பதை. 2048, 8192, இப்போது 16384. தினமும் வரைபவர்களின் கைக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவதே இல்லை. 1 பிக்சலிலிருந்து 40 பிக்சல் வரை தடிக்கும் பிரஷ்ஷுக்கு 2048 நிலைகளே தாராளம். கைக்குத் தெரிவது வேறொன்று: கோடு விழத் தொடங்குவதற்கு எவ்வளவு அழுத்தம் தேவை என்பது. நல்ல பேனாவைப் பின்பக்கமாகத் தளர்வாகப் பிடித்து இழுத்தால், அதன் சொந்த எடையிலேயே மெல்லிய கோடு விழும். சுமாரான பேனா அந்த அழுத்தத்தை உணராது. கொஞ்சம் அழுத்தியதும் திடீரென்று தடித்த கோடாக ஆரம்பிக்கும். கண்ணிமை, தலைமுடி, துணி மடிப்பின் நிழற்கோடுகள் வரைபவருக்கு எல்லாமே இந்தத் தொடக்கத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது அளவு. டேப்லெட்டின் மொத்த அளவும் வரையக்கூடிய பரப்பின் அளவும் ஒன்றல்ல. அந்தப் பரப்பின் அகலத்தை உங்கள் மானிட்டரின் அகலத்தோடு ஒப்பிட வேண்டும். 24 அங்குல மானிட்டர் சுமார் 53 செ.மீ. அகலம். 16 செ.மீ. அகலப் பரப்புள்ள சிறிய டேப்லெட்டில் கை 1 மி.மீ. நகர்ந்தால் கர்சர் 3.3 மி.மீ. நகரும், கையின் சின்ன நடுக்கமும் அதே விகிதத்தில் பெரிதாகும். 25 செ.மீ. பரப்பில் அது 2.1 மடங்குதான். அதே சிறிய டேப்லெட்டை 31 செ.மீ. அகலத் திரையுள்ள 14 அங்குல லேப்டாப்போடு இணைத்தால் 1.9 மடங்கு, நன்றாகவே வேலை செய்யும். சிறியது, பெரியது என்பதெல்லாம் திரையைப் பொறுத்தது. 2 மடங்கை ஒட்டி இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் பெரிது பெரிதாகப் போவதிலும் சிக்கல் உண்டு. 30 செ.மீ.க்கு மேல் போனால் கீபோர்டு ஓரமாகத் தள்ளப்படும், இடது கை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும், மாலைக்குள் தோள்பட்டை வலிக்கும். தோளிலிருந்து கையை வீசி வரையும் பழக்கம் உள்ளவர்களுக்கே அந்த அளவு பொருந்தும்.

அகலம் மட்டும் போதாது, விகிதமும் ஒத்துப்போக வேண்டும். 254 × 158.8 மி.மீ. பரப்பு 16:10 விகிதம். அதை 16:9 மானிட்டரில் முழுதாகப் பொருத்தினால், கை போடும் வட்டம் திரையில் 11 சதவீதம் அகலமான நீள்வட்டமாக விழும். முகங்கள் எல்லாம் சற்றுப் பருத்தே வரும். வரைபவர் தன் கையில்தான் கோளாறு என்று மாதக்கணக்கில் பயிற்சி செய்துகொண்டிருப்பார். டிரைவர் (டேப்லெட்டைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருள்) அமைப்பில் பரப்பின் உயரத்தை 142.9 மி.மீ. ஆகக் குறைத்தால் சரியாகிவிடும், 16 மி.மீ. உயரம் வீணாகும், அவ்வளவுதான். பல டிரைவர்களில் விகிதத்தைத் தானாகவே காக்கச் சொல்லும் தேர்வு இருக்கிறது. சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு காசை டேப்லெட்டில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டாலே போதும். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் பேனாவை ஒரே மானிட்டருக்கு மட்டும் ஒதுக்குங்கள். இரண்டுக்கும் பரப்பிவிட்டால் மேலே சொன்ன 2.1 மடங்கு 4.2 ஆகிவிடும், விகிதமும் முற்றிலும் கெடும்.

பேட்டரி இல்லாத பேனா எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால் பல கோளாறுகளுக்குக் காரணம் புரியும். பலகைக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. பேனாவுக்குள் இருக்கும் சுற்று அதில் ஒத்ததிர்ந்து பதில் அனுப்புகிறது. அந்தப் பதிலை வைத்தே பலகை இடத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடுகிறது. 1983-ல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வேகாம் பரவலாக்கிய இந்த முறையை இன்று ஹியூயான், எக்ஸ்பி-பென் போன்ற நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. ஆனாலும் ஒன்றின் பேனா இன்னொன்றில் பொதுவாக வேலை செய்யாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலும் செய்யாமல் போகலாம். பலகை பல ஆண்டு உழைக்கும், பேனாதான் முதலில் போகும். எனவே வாங்கும் முன் அந்த மாடலின் பேனா தனியாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பது மிக அவசியம். நல்ல பலகைகள் பேனா கிடைக்காத ஒரே காரணத்தால் மூலையில் கிடக்கின்றன.

மின்காந்தத் தொந்தரவும் இதே முறையின் விளைவுதான். ஒரு ஸ்கேலை டேப்லெட்டின் மேல் சாய்வாக வைத்து, மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். கோடு அலையலையாக வந்தால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். ஃபோனையும் ஸ்பீக்கரையும் தள்ளி வையுங்கள், வேறு யுஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள், இரும்பு மேசையானால் அடியில் ஒரு தடித்த அட்டையைக் கொடுங்கள். இத்தனைக்கும் பிறகும் அலை அதே இடைவெளியில் வந்தால் அது பலகையின் இயல்பு. வரையும் மென்பொருளில் கோட்டின் நடுக்கத்தைச் சமன்செய்யும் நிலைப்படுத்தியைக் கூட்டினால் அலை மறையும், ஆனால் கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபடும்.

இனி நிப், அதாவது பேனாவின் மாற்றக்கூடிய முனை. நீண்ட நாள் பயன்பாட்டில் அதிகம் மாறுவது இதுதான். புதுப் பலகையின் சொரசொரப்பு காகிதத்தில் எழுதுவதுபோல் இருக்கும், அதே சொரசொரப்புதான் நிப்பைத் தின்னும். சில மாதங்களில் அதிகம் வரையும் நடுப்பகுதி மட்டும் பளபளப்பாகி வழுக்க ஆரம்பிக்கும். பேனாவின் பக்கவாட்டு பட்டன் எப்போதும் விரலுக்குக் கீழேயே இருப்பதால் நிப் ஒரே பக்கம் தேய்ந்து உளிபோல் ஆகிறது. அந்த உளி விளிம்புதான் பலகையில் கீறல் போடுகிறது. அவ்வப்போது நிப்பை உருவி அரைச்சுற்றுத் திருப்பிச் செருகினால் தேய்மானம் இரண்டு பக்கமும் சமமாகும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது 1 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிட்டால், அல்லது தட்டையான முகம் விரலில் நெருடினால், மாற்றிவிடுங்கள். கூடவே வரும் வளையத்தால் நேராக இழுக்க வேண்டும், முறுக்கக் கூடாது. புதிய நிப்பை நேராக, முட்டி நிற்கும் வரை அழுத்த வேண்டும். ஃபெல்ட் நிப் பளபளத்த பலகையிலும் பிடிப்புக் கொடுக்கும், ஆனால் வெகு சீக்கிரம் தேயும்.

பேனாவை நிப் கீழே இருக்கும்படி கிண்ணத்தில் போட்டு வைக்காதீர்கள். அழுத்த உணரி நாள் முழுவதும் அமுங்கியே கிடந்தால் ஒருநாள் பேனா பலகையைத் தொடும் முன்பே கோடு விழத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் முதலில் நிப்பை எடுத்துவிட்டுச் சரியாகச் செருகிப் பாருங்கள். பாதி செருகிய நிப்பும், உள்ளே சிக்கிய தூசியும் இதே கோளாறைத் தரும். அதிலும் போகவில்லை என்றால் டிரைவரில் எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்பதைக் காட்டும் அழுத்த வளைவின் தொடக்கத்தைச் சற்று வலப்பக்கம் நகர்த்தி ஓட்டலாம். அது கைவைத்தியம்தான், புதுப் பேனாவுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

வன்பொருளைவிட அதிகம் படுத்துவது டிரைவர். வேறு டேப்லெட்டின் டிரைவர் ஏற்கெனவே இருந்தால் அதை நீக்கி, கணினியை ரீஸ்டார்ட் செய்த பிறகே புதியதை நிறுவ வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் அழுத்தம் வருவதும் போவதுமாக இருக்கும். விண்டோஸில் பேனாவின் தகவல் வின்டாப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு வழிகளில் மென்பொருளுக்குப் போகிறது. கர்சர் நகர்கிறது, கோடும் விழுகிறது, ஆனால் தடிமன் மாறவில்லை என்றால், டிரைவரில் ஒரு வழியும் வரையும் மென்பொருளில் வேறு வழியும் தேர்வாகியிருக்கும். கிரிட்டா என்ற வரையும் மென்பொருளின் டேப்லெட் அமைப்பில் இரண்டுமே உண்டு. மாற்றிவிட்டு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். கோட்டின் தொடக்கம் மட்டும் நேராக விழுந்து பிறகு வளைந்தால், பேனாவை அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆகும் விண்டோஸ் வசதியை அணைத்துப் பாருங்கள். மேக் கணினியில் டிரைவருக்கு அணுகல்தன்மை, உள்ளீட்டுக் கண்காணிப்பு என இரண்டு அனுமதிகள் தர வேண்டியிருக்கும். இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் பேனா செத்ததுபோல் கிடந்தால் முதலில் அங்கே பாருங்கள். லினக்ஸில் பல மாடல்கள், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே, தனி டிரைவர் இல்லாமல் வேலை செய்யும். அதில் அடங்காதவற்றுக்கு ஓப்பன் டேப்லெட் டிரைவர் என்ற பொது டிரைவர் இருக்கிறது. எந்த இயங்குதளமானாலும் ஒழுங்காக ஓடும் டிரைவரின் நிறுவல் கோப்பைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். கையில் வேலை இருக்கும்போது டிரைவரைப் புதுப்பிக்க வேண்டாம்.

பலகையில் உள்ள பட்டன்களுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். செயல்தவிர்ப்பு, நகர்த்தல், பிரஷ் அளவு என்று 3 அல்லது 4-க்கு மேல் யாரும் பயன்படுத்துவதில்லை, பலருடைய இடது கை கீபோர்டுக்கே திரும்பிவிடுகிறது. கேபிள் போர்ட்டுக்குக் காசு கொடுங்கள். மைக்ரோ யுஎஸ்பி போர்ட் இழுபட்டு ஆட்டம் காணும், டைப்-சி நெடுநாள் தாங்கும்.

திரையுள்ள டேப்லெட் தேவையா? திரையைப் பார்த்துக்கொண்டு கையைப் பார்க்காமல் வரைவது தொடக்கத்தில் யாருக்குமே வராது, சில வாரங்களில் வந்துவிடும். அதற்காக மட்டும் திரையுள்ளதற்குப் போக வேண்டாம். அப்படியே போனாலும், கண்ணாடியும் திரையும் ஒட்டப்பட்டதா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் பேனா முனைக்கும் கோட்டுக்கும் விலகல் தெரியும். சாய்த்து நிறுத்த உறுதியான ஸ்டாண்டு கட்டாயம், குனிந்தே வரைந்தால் கழுத்து போய்விடும்.

வாங்கியதும் திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் சோதிக்க வேண்டியவை: மெதுவான சாய்வுக்கோடு, காசு வட்டம், பேனாவின் சொந்த எடையில் விழும் கோடு, நான்கு மூலைகளிலும் அதே அழுத்தத்தில் ஒரு கீற்று. கடைசியாக, நீங்கள் தினமும் வரையும் மென்பொருளில் 2 மணி நேரம் தொடர்ந்து வேலை. கேபிளை லேசாக அசைத்தால் இணைப்பு அறுபடுவதும், கணினி தூங்கி எழுந்த பிறகு அழுத்தம் காணாமல் போவதும் இந்தக் கடைசிச் சோதனையில்தான் அகப்படும்.