ஸ்டட் முறிந்தது, மாற்ற வேண்டியது எதை? அலாய் வீலுக்குச் சொல்லப்படும் தீர்வுகள் ஓர் ஒப்பீடு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டியதும் இடது பின்சக்கரத்திலிருந்து 'டக், டக்' என்று ஒலி வரத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்தால் ஒலியும் நிதானமானது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். இரண்டு மாதம் முன்பு ஆசையாகப் போட்ட 16 அங்குல அலாய் வீலில் நான்கு நட்டுக்கு மூன்றுதான் இருந்தன. நான்காவது குழிக்குள் ஒடிந்த ஸ்டட்டின், அதாவது நட்டு ஏறும் மரையாணியின், முனை தெரிந்தது. அருகிலிருந்த பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி, நட்டு உட்காரும் குழியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், நட்டு இறுகியிருக்கிறது. ரிம் இறுகவில்லை."

அவர் சொன்னது முழுக்கச் சரி. என்னுடையது பழைய ஹோண்டா சிட்டி. ஹோண்டாவின் அசல் ரிம்முக்கான நட்டுகளின் அடிப்பக்கம் பந்துபோல உருண்டிருக்கும். வெளிக்கடையில் விற்கும் அலாய் வீல்களில் பெரும்பாலானவற்றின் குழி 60 பாகைக் கூம்பு. கூம்புக்குள் பந்தை வைத்து இறுக்கினால் அது முழுப்பரப்பிலும் படியாது. ஒரு மெல்லிய வட்டத்தில் மட்டும் தொடும். என் ரிம்மின் குழியில் அந்தத் தடம் பென்சிலால் வரைந்த கோடுபோல மினுமினுத்தது. சரியாகப் பொருந்திய நட்டு அகலமான பட்டையாகத் தடம் விட வேண்டும். ரிம் மாட்டிக்கொடுத்த கடையில் பழைய நட்டுகளையே ஏர் கன்னால் இறுக்கி அனுப்பிவிட்டார்கள். நானும் அன்று குனிந்து பார்க்கவில்லை.

ஸ்டட் சக்கரத்தைத் தாங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு விறைத்த ஸ்பிரிங். நட்டை இறுக்கும்போது ஸ்டட் நுணுக்கமாக நீண்டு, ரிம்மை ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டும் சுழலும் குடத்தோடு, அழுத்திப் பிடிக்கிறது. சிட்டிக்குச் சொல்லப்பட்ட 108 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கினால், உலர்ந்த மரையில் ஒவ்வொரு ஸ்டட்டும் ஏறத்தாழ 4 டன் இழுவிசையில் நிற்கும். அந்த அழுத்தத்தால் பிறக்கும் உராய்வுதான் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. அழுத்தம் குறைந்தால் ரிம் மயிரிழை அளவு நகரும். ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் இப்படியும் அப்படியும் வளைந்து, களைத்து, ஒரு நாள் முறியும். முறிந்த முகத்தில் அந்தக் கதை எழுதியிருக்கும். என் ஸ்டட்டின் முகத்தில் பாதிக்கு மேல் வழவழப்பாக, மரத்தின் ஆண்டு வளையங்கள் போன்ற வரிகளோடு கறுத்திருந்தது. மீதிப் பகுதி மட்டும் சொரசொரப்பாகப் பளபளத்தது. அன்று ஒடிந்தது அந்த மீதிதான்.

மறுநாள் சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போனேன். நான்கு கடைகளில் நான்கு தீர்வு சொன்னார்கள்.

முதல் கடையில், முறிந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். இருப்பதிலேயே செலவு குறைந்த வழி இதுதான். ஆனால் காரணத்தைத் தொடாத வழி. முறிந்த ஸ்டட்டின் சுமையைப் பக்கத்து மூன்றும் சில கிலோமீட்டராவது சுமந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தட்டி எடுத்து, புது ஸ்டட்டின் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு முனையில் கச்சிதமாகப் பொருந்திய மரைகள், மறு முனைக்குப் போகப்போக விலகி இடைவெளி காட்டின. ஸ்டட் நீண்டுவிட்டது என்று அதற்குப் பொருள். ஒன்று முறிந்தால் அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்டையும் மாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. புதியது 10.9 என்ற வலிமைத் தரமாக இருக்க வேண்டும். தலைக்குக் கீழே இருக்கும் பல்வரிப் பகுதியின் விட்டமும் பழையதைப்போலவே இருக்க வேண்டும். அது ஒரு துளி சிறுத்தாலும் நட்டைத் திருப்பும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுற்றும். பிறகு நட்டைக் கழற்றுவதே பெரும்பாடு.

இரண்டாவது கடையில் கூம்பு நட்டும் ஹப் ரிங்கும் போடச் சொன்னார்கள். என் வண்டியின் ஹப் விட்டம் 56.1 மி.மீ. பல கார்களுக்கும் பொருந்துவதற்காகச் செய்யப்படும் ரிம்களின் நடுத்துளை பெரும்பாலும் 73.1 மி.மீ. அந்த இடைவெளியை நிரப்பும் வளையம் ரிம்மை மாட்டும்போதே நடுவில் நிறுத்துகிறது. வேகம் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது, வீல் பேலன்சிங் செய்தும் போகவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஆனால் ஹப் ரிங் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்கமாட்டேன். இறுக்கிப் பிடிப்பது வளையத்தின் வேலை இல்லை; நட்டு தவறாக இருந்தால் வளையம் காப்பாற்றாது. கடலோரத்தில் வண்டி நிற்கும் வீடுகளுக்கு நான் பிளாஸ்டிக் வளையத்தையே சொல்வேன். அலுமினிய வளையம் உப்புக்காற்றில் ஹப்போடு ஒட்டிக்கொண்டு படுத்தும்.

மூன்றாவது தீர்வு, நீளமான ஸ்டட். அசல் இரும்பு ரிம்மின் தகடு மெல்லியது. அலாய் வீலின் நடுப்பகுதி தடிமனானது. எனவே நட்டுக்குக் கிடைக்கும் மரை குறையலாம். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், கையால் சுற்றி எண்ணினால் போதும். மரை பிடிக்கும் நீளம் ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது. சிட்டியில் இருப்பதுபோல 12 மி.மீ. ஸ்டட்டில் 1.5 மி.மீ. மரை என்றால் 8 சுற்று. மாருதி ஸ்விஃப்டில் இருக்கும் 1.25 மி.மீ. மரைக்கு ஒன்பதரைச் சுற்றுக்கு மேல் வேண்டும். என் வண்டியில் எண்ணினேன், 9 வந்தது. ஆகவே நீள ஸ்டட் எனக்குத் தேவைப்படவில்லை. 5 அல்லது 6 சுற்றில் நின்றுவிடுகிறவர்களுக்கு இதைவிட நேர்மையான வழி கிடையாது. வேலை மட்டும் பெரிது. சில வண்டிகளில் முன் ஹப்பையே பிரஸ்ஸில் கழற்ற வேண்டியிருக்கும், பேரிங்கும் சேர்ந்து வீணாகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. நீள ஸ்டட்டுக்கு மூடிய நட்டைப் போட்டால் ஸ்டட்டின் நுனி மூடியில் முட்டி நின்றுவிடும். ஸ்பேனருக்கு நட்டு இறுகியதுபோலவே தெரியும், ரிம் ஆடிக்கொண்டிருக்கும்.

நான்காவதாக ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தகடு. ரிம்மின் உட்புறம் பிரேக் காலிப்பரில் (பிரேக் பேடுகளை அழுத்தும் பாகம்) உரசுகிறது என்பவர்களுக்கு இதைத்தான் உடனே எடுத்து நீட்டுகிறார்கள். அசல் ஸ்டட்டின் மேல் சும்மா நுழைக்கும் வளையத் தகட்டை நான் எந்தச் சூழ்நிலையிலும் வாங்கமாட்டேன். 5 மி.மீ. தகடு என்றால் என் 9 சுற்றில் 3 சுற்றுக்கு மேல் போய்விடும். ஹப்பில் தனியாக முடுக்கி, தன்னிடமே ஸ்டட் வைத்திருக்கும் தடித்த அடாப்டர் வேறு வகை. ஹப் விட்டத்துக்கு அளவாகக் கடைந்திருந்தால் அது நிற்கும். என்றாலும் சக்கரம் வெளியே தள்ளிப்போவதால் பேரிங்குக்குச் சுமை கூடும். உரசும் ரிம்மை மாற்றிக்கொள்வதே நல்லது.

பி.சி.டி. என்பது ஸ்டட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். 98 மி.மீ. பி.சி.டி. ரிம்மை 100 மி.மீ. பி.சி.டி. ஹப்பில் ஏற்ற, லேத் பட்டறையில் துளையை இழைத்துத் தருவதும் நடக்கிறது. அது வேண்டவே வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் போலோ வைத்திருப்பவர்களுக்கு ஸ்டட்டே கிடையாது, 14 மி.மீ. போல்ட்தான். அதன் தலையடியும் உருண்டை என்பதால் என் கதை அங்கேயும் நடக்கும். கூம்பு போல்ட் வாங்க வேண்டும்.

நான் செய்தது இதுதான்: இடது பின்சக்கரத்துக்கு நான்கு புது ஸ்டட், வண்டி முழுவதற்கும் 16 கூம்பு நட்டு, நான்கு ஹப் ரிங். ஹப்பின் முகத்திலிருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தோம். மெக்கானிக் தம்பி மழைக்காலம் என்று மரையில் கிரீஸ் தடவ வந்தார், தடுத்துவிட்டேன். கிரீஸ் பட்ட மரையில் அதே 108-க்கு ஸ்டட் மிக அதிகமாக நீளும். நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக, முறுக்குவிசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கினோம். 80 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி பார்த்தபோது ஒரு நட்டு மட்டும் சிறிது இடம் கொடுத்தது.

ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்பு ரிம்தான். அதற்குக் கூம்பு நட்டு பொருந்தாது. அதனால் பழைய உருண்டை நட்டுகள் நான்கை ஒரு துணிப்பையில் கட்டி, ஜாக்கியின் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.