ஒரு லிட்டர் நைட்ரோ கோல்டு ப்ரூ மேக்கர்: வாங்கலாமா?

இந்தக் கருவியை வாங்கியதற்குக் காரணம் அப்பாதான். சுகர் வந்த பிறகு, சர்க்கரை போடாத ஃபில்டர் காபியை முகம் சுளித்துக்கொண்டே குடித்துவந்தார். ஒரு காபிக் கடையில் நைட்ரோ கோல்டு ப்ரூ வாங்கிக் கொடுத்தேன். சூடாக்காத தண்ணீரில் தூளை ஊறவைத்து எடுத்த காபியில் நைட்ரஜன் வாயுவை ஏற்றி நுரைக்க வைப்பதுதான் அது. ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல சக்கரை போட்டிருக்காங்களாம்மா?" என்றார். சர்க்கரையும் இல்லை, பாலும் இல்லை. நைட்ரஜனுக்கென்று ஒரு சுவையும் கிடையாது. நுரையின் வழவழப்பில் கசப்பு அடங்கிப்போகிறது, அவ்வளவுதான்.

நான் வாங்கியது ஒரு லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாடல். பேக்கரிகளில் க்ரீம் அடிக்கும் சைஃபன் போலவே இருக்கும். தலையில் மட்டும் லீவர் வைத்த சின்னக் குழாய், அதற்குள் ஊசித் துளைகள் போட்ட ஒரு தட்டு. இந்தத் தட்டு இல்லாத மாடல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நைட்ரஜன் தண்ணீரில் லேசில் கரையாது. சோடாவில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைவதில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் கரையும். அழுத்தி உள்ளே ஏற்றிய அந்தக் கொஞ்ச வாயுவும் ஊசித் துளை வழியாக நெருக்கியடித்து வெளியே வரும்போதுதான் மாவு போன்ற பொடி நுரையாகிறது. 1959-இல் கின்னஸ் நிறுவனம் பீருக்குக் கொண்டுவந்த அதே வித்தைதான் இது. அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் நைட்ரோ காபியை விற்கத் தொடங்கியது 2016-இல்.

வாயுவை உள்ளே ஏற்றச் சின்னக் கேஸ் குப்பி வேண்டும். அதை வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதை நன்றாகப் படியுங்கள். க்ரீமுக்கு விற்கும் 8 கிராம் குப்பியில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதைப் போட்டால் நுரை பொங்கி வரும், லேசாகத் தித்திக்கும், சீக்கிரமே அடங்கியும்விடும். நமக்கு வேண்டியது 2 கிராம் சுத்த நைட்ரஜன் குப்பி. கருவியும் நைட்ரஜனுக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். கரையாத வாயு என்பதால் உள்ளே அழுத்தம் அதிகம். குறியிட்ட கோட்டுக்கு மேல் காபி ஊற்றக் கூடாது, மிச்ச வாயுவை வெளியேற்றாமல் தலையைத் திருகவே கூடாது.

இனி காபி. சிக்கரி கலந்த தூள் இதற்கு ஒத்துவராது, டிகாக்‌ஷனுக்கு நிறமும் கெட்டியும் தரும் சிக்கரி இதில் கலங்கலாகத் தங்கிவிடுகிறது. கடையில் பிளான்டேஷன் ஏ (அரபிகா கொட்டை) முக்கால் பங்கு, ரோபஸ்டா பீபெரி (உருண்டைக் கொட்டை) கால் பங்கு கேட்டு, ரவை மாதிரி கொரகொரப்பாக அரைக்கச் சொல்கிறேன். "ஃபில்டர்ல போட்டா தண்ணியா இறங்கிடும்க்கா" என்று கடைத் தம்பி எச்சரிப்பார். இதற்கு அந்தப் பதம்தான் வேண்டும். 100 கிராம் தூளுக்கு 800 மில்லி தண்ணீர்; ஊறியபின் தூள் குடித்தது போக 600 மில்லி கிடைக்கும். வெளியே வைத்தால் ராத்திரி முழுக்க, ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு நாள்.

வடிகட்டுவதில் சோம்பல் கூடாது. முதலில் பழைய வேட்டித் துணி, அப்புறம் பேப்பர் ஃபில்டர். பேப்பரில் ஊற்றினால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும், அவசரப்பட்டுக் கரண்டியால் கிளற வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத வண்டல் கொஞ்சம் தங்கினாலும் போதும், அந்த ஊசித் துளைகளை அடைத்துவிடும். அதற்கப்புறம் குழாயைத் திறந்தால் நூல் நூலாக வரும், நுரையே நிற்காது.

வடித்த காபியைக் கருவியோடு சேர்த்து நன்றாகக் குளிர வைத்துவிட்டுத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். குளிர்ந்த திரவத்தில்தான் வாயு கூடுதலாகக் கரையும். நான் இரண்டு குப்பி ஏற்றுகிறேன். ஒவ்வொன்றுக்கும் கை வலிக்கக் குலுக்கி, மறுபடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். பிறகு கண்ணாடி டம்ளரைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, லீவரை முழுக்க இழுக்க வேண்டும். முதலில் டம்ளர் முழுக்கப் பால் காபி நிறம். கொஞ்ச நேரத்தில் டம்ளரின் ஓரத்தில் குமிழிகள் கீழ்நோக்கி ஓடும். நடுவில் மேலே போகிற நீரோட்டம் ஓரமாகத் திரும்பி இறங்கும்போது பொடிக் குமிழிகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. அடியிலிருந்து கறுப்பு மெல்ல மெல்ல ஏறி, மேலே ஒரு விரல் உயரத்துக்கு நுரை நிற்கும். ஐஸ் போடாதீர்கள், நுரை உடைந்துவிடும்.

குறைகளும் உண்டு. எனக்கு வந்த கருவியில் தலைப்பகுதி வாஷர் சரியாக உட்காராமல் கேஸ் கசிந்தது. விற்றவரிடம் கேட்டால் முழுக் கருவியையும் திருப்பி அனுப்பச் சொன்னார். கடைசியில் ஹார்டுவேர் கடையில் அளவு பார்த்து ஃபுட் கிரேடு சிலிக்கான் வாஷர் வாங்கிப் போட்டேன். உதிரி வாஷரும் சேர்த்துக் கொடுக்கிற மாடலாகப் பாருங்கள். கருவி ஒரு தடவைச் செலவு. கேஸ் குப்பி தீரத் தீர வாங்க வேண்டியது. பெட்டியாக வாங்கினால்தான் கட்டுப்படியாகும். ஒரு தடவை போட்டால் எங்கள் வீட்டில் நான்கு சின்ன டம்ளர் வரும், பெரிய குடும்பத்துக்குப் பற்றாது.

காபி சுடச்சுட டபராவில் ஆற்றிக் குடிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது தேவையில்லை. பாலையும் சர்க்கரையையும் குறைக்க நினைப்பவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன், வாங்குங்கள். அப்பாவுக்குக் காலையில் அரை டம்ளர் மட்டும்தான், ஏனென்றால் இது நல்ல ஸ்ட்ராங். சாயங்காலம் குடித்தால் தூக்கம் போய்விடும். காலியானதும் குழாய், தட்டு, வாஷர் மூன்றையும் தனித்தனியாகக் கழற்றி வெந்நீரில் கழுவிக் காயவிடுங்கள். காபியின் எண்ணெய்ப் பிசுக்கு தங்கினால் அடுத்த தடவை சிக்கு வாடை அடிக்கும்.