கிருஷ்ணகிரியில் பசுமைக் கூரை: சில கோடைகள் கழித்து

எங்கள் மொட்டை மாடியில் இருப்பது தொட்டிச் செடிகள் அல்ல. பாதி மாடிக்கு மண்ணையே விரித்துச் செடி வளர்க்கிறோம். வீடு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில். சில கோடைகள் தாண்டிய பிறகு சொல்கிறேன்: வெயிலை இது அருமையாகத் தடுக்கிறது. காற்றைச் சுத்தம் செய்வதில், போட்டுத் தருகிறவர்கள் சொல்கிற அளவுக்கு இல்லை.

மண்ணுக்குக் கீழே ஒரு அறை, வெறும் தளத்துக்குக் கீழே ஒரு அறை, இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. மே மாதத்தில் வெறும் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கக் கீழே இறக்கும். மண் இருக்கும் பக்கத்து அறையில் அம்மா ஃபேன் மட்டும் போட்டுக்கொண்டு தூங்கிவிடுகிறார். நிழல் மட்டும் காரணம் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். இலையும் மண்ணும் அதைத் தளத்துக்கு இறங்கவிடாமல் எடுத்துக்கொள்கின்றன.

ஏசி ஓடும் நேரம் குறைந்தால் மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்களுக்கும் அந்த அளவு சுமை குறைகிறது. வெயில் ஏற ஏற வாகனப் புகையிலிருந்து, மூச்சுக்குக் கெடுதலான ஓசோன் வாயு தரைமட்டத்தில் உருவாவதும் அதிகமாகும். ஊர்ச்சூடு தணிந்தால் அதுவும் மட்டுப்படும். பசுமைக் கூரை காற்றுக்குச் செய்யும் பெரிய உதவி இப்படிச் சுற்றுவழியில் வருவதுதான் என்பது என் கருத்து.

நேரடியாகத் தூசி பிடிப்பதும் உண்மைதான். ஓமவல்லி இலையைத் தடவினால் விரலில் சாம்பல் நிறம் ஒட்டும். இலையில் பொடி ரோமம் இருப்பதால் குவாரி லாரிகள் கிளப்பும் தூசி அதில் நன்றாகத் தங்குகிறது, மழை வந்ததும் கழுவி மண்ணில் இறங்குகிறது. மழை இல்லாத நாளில் பலமாகக் காற்றடித்தால் அதில் ஒரு பங்கு திரும்பப் பறந்துவிடும். அதனால் வாரம் ஒருமுறையாவது இலை நனையத் தண்ணீர் தெளிக்கிறோம்.

எவ்வளவு பிடிக்கும்? 2008இல் வெளிவந்த சிகாகோ ஆய்வு ஒன்று, அந்த நகரின் 19.8 ஹெக்டேர் பசுமைக் கூரைகள் ஓராண்டில் 1,675 கிலோ மாசை நீக்கியதாகக் கணக்கிட்டது. அதில் பாதிக்குமேல் ஓசோன். அதே கணக்கை 50 சதுர மீட்டர் மாடிக்குப் போட்டால் வருஷத்துக்கு அரைக் கிலோகூட வராது. அங்கே குளிர், இங்கே வெயில், செடிகளும் வேறு, எண் மாறும்தான். ஆனாலும் ஒரு வீட்டு மாடி ஒரு தெருவின் காற்றை மாற்றாது என்பது புரியும். தெருவே சேர்ந்து போட்டால் கதை வேறு. தூசி கிளம்புவது சாலையில். அதற்குச் சாலையோர மரமும் தார்ப்பாய் கட்டிய லோடும்தான் முதல் மருந்து. மாடி இருக்கிறதே என்று அதை விட்டுவிடக் கூடாது.

இனி எடை. ஆட்கள் நடமாடும் மாடிக்கு நம் நாட்டுக் கட்டுமான விதிப்படி வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பயன்பாட்டுச் சுமை (தளத்தின் சொந்த எடை போக, மேலே ஏறும் ஆட்கள், பொருட்களின் எடை) வைப்பார்கள். வெறும் செம்மண்ணை 10 செ.மீ. கொட்டினால், நனைந்ததும் அதைத் தாண்டிவிடும். தென்னை நார்க் கழிவும் மட்கிய எருவும் கூடுதலாகக் கலந்தால் கணிசமாகக் குறையும். எதற்கும் இன்ஜினியர் ஒருவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். எங்கள் மேஸ்திரி சொன்னதும் நினைவில் வையுங்கள்: "மண்ணு தாங்கிக்கும் சார், தண்ணி நின்னாத்தான் வில்லங்கம்." வாட்டர்புரூஃப் பூச்சு, அதற்குமேல் வேர் இறங்காத ஷீட், தண்ணீர் வடியச் சரிவு, இந்த மூன்றிலும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மழைக்காலத்துக்கு முன் வடிகுழாய் வாயில் சேரும் சருகை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் பெரிய வேலை.

செடியில் ஒரு சிக்கல் உண்டு. கற்றாழையும் பிரண்டையும் தண்ணீர் இல்லாமலே பிழைக்கும். ஆனால் கற்றாழை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்வதால் குளிர்ச்சி குறைவு. புல்லும் கீரையும் நன்றாகக் குளிர்விக்கும், தண்ணீர் கேட்கும். நாங்கள் ஓரத்தில் கற்றாழையும் நடுவில் ஓமவல்லியும் வைத்து, அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை ஊற்றி ஓட்டுகிறோம். போர் தண்ணீர் மட்டும் ஊற்றினால் மண்மேல் உப்புப் பூக்கிறது, மழை வந்து கழுவினால்தான் போகிறது. கோடையில் தண்ணீர் லாரியை நம்பித்தான் செடிக்கு ஊற்ற வேண்டும் என்கிற வீடாக இருந்தால், இதைப் போடச் சொல்ல மாட்டேன். தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தாலே சூடு நன்றாகக் குறையும்.