டிஜிகேமில் ஏழு வருடம், இரண்டு கொள்ளிடம்

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அந்த வாரம் எடுத்த படங்களில் தொடங்கியது இந்த வேலை. காவிரி டெல்டாவில் அதே வாய்க்கால், அதே வயல், அதே மதகு என்று வருடா வருடம் போய் எடுக்கிறேன். 40 ஆயிரம் படங்களைத் தாண்டிவிட்டது. எடுப்பதில் சிரமமில்லை. ஐந்து வருடம் முன்பு எடுத்த ஒரு மதகை இன்று தேடி எடுப்பதுதான் பாடு.

அதற்காகப் பயன்படுத்துவது டிஜிகேம் என்ற இலவச மென்பொருள். குறிச்சொற்களை மரம் போலக் கிளை பிரித்து வைக்கலாம். நான் முதலில் மாவட்டம், வட்டம், ஊர் என்று தாலுகா ஆபீஸ் பாணியில் பிரித்தேன். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. சீர்காழி, தரங்கம்பாடி எல்லாவற்றையும் நாகப்பட்டினத்துக்குக் கீழேயிருந்து எடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. அதோடு முறையையே மாற்றிவிட்டேன். இப்போது ஆறு, வாய்க்கால், மதகு. அரசாணை போட்டு யாரும் அரசலாற்றைக் காவிரியிலிருந்து பிரிக்கப்போவதில்லை.

வருடவாரியான ஃபோல்டரும் டெல்டாவுக்கு ஒத்துவராது. ஆகஸ்டில் விதைத்த சம்பா ஜனவரியில் அறுவடையாகும். ஒரே பயிர் இரண்டு ஃபோல்டரில் கிடக்கும். ஜூன் 12 மேட்டூர் திறப்பை வைத்துத் தொடங்கலாம் என்றால், 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. கடைசியில் ‘2022 குறுவை’, ‘2022 சம்பா’ என்று போகத்தின் பெயரிலேயே வைத்தேன். அது நிலைத்துவிட்டது.

என்னை அதிகம் படுத்தியது கொள்ளிடம். குறிச்சொல் பட்டியலில் கொள்ளிடம் இரண்டு இருந்தது. ஒன்றில் தேடினால் பாதிப் படங்கள்தான் வரும். பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றே. பல நாள் கழித்துத்தான் புரிந்தது: யூனிகோடில் ‘கொ’வை எழுத இரண்டு வழி. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பு தனி, கால் தனி என்றும் பதியலாம். போனில் தட்டி ஒட்டியது ஒரு வகை, கணினியில் தட்டியது இன்னொரு வகை. கோரையாறும் அப்படியே இரண்டாகக் கிடந்தது. உட்கார்ந்து ஒன்றாக்கினேன். இப்போது குறிச்சொல்லைத் தட்டுவதே கிடையாது, பட்டியலிலிருந்து எடுப்பதுதான்.

இன்னொன்று. குறிப்புகளைப் படத்தோடு சேர்த்து எழுதும்படி மெட்டாடேட்டா அமைப்பில் சொல்லிவைக்க வேண்டும். கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா கோப்புகளுக்கு எக்ஸ்எம்பி என்ற துணைக்கோப்பில் எழுத வைத்திருக்கிறேன். ஒருமுறை படங்களை மட்டும் ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துத் துணைக்கோப்பை விட்டுவிட்டேன். நல்லவேளை, மூலம் அழியவில்லை. கேமரா கடிகாரத்தில் முற்பகல் பிற்பகலை மாற்றி வைத்த கூத்தும் உண்டு. விடிகாலை நடவெல்லாம் சாயங்காலமாகிவிட்டது. படத்தின் தேதி, நேரத்தைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் மென்பொருளில் 12 மணி நேரம் நகர்த்தியதும் சரியானது.

ஆனால் எந்த மென்பொருளும் சொல்லாத ஒன்றை மன்னார்குடிப் பக்கம் நடவு நட்ட அம்மா ஒருவர் சொன்னார். ‘சம்பா நடவு’ என்று நான் குறித்திருந்த படத்தைப் போனில் காட்டினேன். “இது சம்பா இல்ல தம்பி, தாளடி. காலுக்குக் கீழ பாருங்க, குறுவை அறுத்த தாள் கெடக்கு.” அன்றிரவே 212 படங்களை மாற்றினேன். சேறு மட்டும் தெரிகிற மிச்சப் படங்கள் ‘சம்பாவா தாளடியா’ என்ற குறிச்சொல்லில் காத்திருக்கின்றன.