டிக்டாலிக் வார்ப்பு: வாங்கலாம், விளக்க அட்டையை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்

உயிரியல் வகுப்பில் காட்டுவதற்காகச் சென்ற மாதம் இணையத்தில் வாங்கிய, மீனுக்கும் நான்கு கால் விலங்குக்கும் இடைப்பட்ட பழங்கால மீனான டிக்டாலிக்கின் புதைபடிவ ரெசின் வார்ப்பு, தலையும் தோளும் சேர்ந்த ஒரு பலகையும் முன்துடுப்பின் எலும்புகளைக் காட்டும் ஒரு சிறு துண்டுமாகத் தெர்மோகோல் பெட்டியில் வந்து சேர்ந்தது. துடுப்புத் துண்டு வழியிலேயே இரண்டாக உடைந்திருந்தது. படம் அனுப்பியும் விற்பனையாளரிடமிருந்து பதில் வராததால் நானே பசை வைத்து ஒட்டிக்கொண்டேன்.

கொடுத்த பணத்துக்குத் தலைப் பலகை ஒன்றே போதும். முதலையின் தலையைப் போலத் தட்டையான மண்டையின் மேற்புறத்தில் கண்குழிகள் அருகருகே அமைந்திருப்பதும், பின்விளிம்பில் மூச்சுத்துளைகளுக்கான அகன்ற வெட்டுகள் இருப்பதும் துல்லியமாக வார்க்கப்பட்டுள்ளன. மண்டை முடியும் இடத்திலிருந்து தோளெலும்பை நோக்கி விரலை நகர்த்தினால் இடையில் ஒரு பள்ளம் தட்டுப்படுகிறது. மற்ற மீன்களில் செவுள்மூடியும் மண்டையைத் தோளோடு பிணைக்கும் எலும்புகளும் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். டிக்டாலிக்கில் அவை இல்லாததால், உடலைத் திருப்பாமல் தலையை மட்டும் அசைக்க அதனால் முடிந்தது. சந்தையில் வாங்கிய கெண்டை மீனின் தலையை இதனருகே வைத்துக் காட்டியபோது, நான் சொல்வதற்கு முன்பே பின்வரிசையிலிருந்து "கழுத்து!" என்று குரல் வந்தது.

துடுப்புத் துண்டில் மேற்கை எலும்பையும், முன்கையின் இரண்டு எலும்புகளையும், மணிக்கட்டை ஒத்த சிறு எலும்புகளையும் தெளிவாகப் பார்க்க முடிகிறது. ஆனால் துடுப்பின் விளிம்பை விரித்துத் தாங்கும் மெல்லிய எலும்புக் குச்சிகளான துடுப்புக் கதிர்களை அடியோடு விட்டுவிட்டதால், மீன் துடுப்பாகவே இருந்த ஓர் உறுப்பு, பார்ப்பவருக்குக் கையாகவே தோன்றிவிடுகிறது.

விளக்க அட்டை இதே பிழையை எழுத்திலும் செய்கிறது. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004-இல் கண்டெடுக்கப்பட்டு, 2006-இல் டேஷ்லர், ஷூபின், ஜென்கின்ஸ் ஆகிய ஆய்வாளர்களால் விவரிக்கப்பட்ட, ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுகள் பழமையான உயிரினம் என்பது வரை சரியே. "கரையேறிய முதல் மீன், நம் நேரடி மூதாதை" என்று அட்டை முடிவதைத்தான் ஏற்க முடியவில்லை. போலந்தின் சாகெல்மியே கல்குவாரியிலிருந்து 2010-இல் நான்கு கால் விலங்கினுடையவை என அறிவிக்கப்பட்ட காலடித் தடங்கள் டிக்டாலிக்கைவிட ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. அவை நான்கு கால் விலங்கின் தடங்கள்தாமா என்று ஐயுறுவோர் உண்டென்றாலும், டிக்டாலிக்கை இடைநிலை உருவம் என்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

கிரீன்லாந்தில் கிடைத்த, தொடக்ககால நான்கு கால் விலங்கான அகாந்தோஸ்டெகாவின் எட்டு விரல் முன்காலும் அதே கடையில் விற்பனைக்கு இருக்கிறது. இம்முறை பெட்டியைப் பிரிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டே பிரிப்பதாக இருக்கிறேன்.